ஒன்றரை அங்குலப் பலகை

ஒரு கால் ஒரே சமயத்தில் குணமானதாகவும் குணமாகாததாகவும் இருக்க முடியுமா? முடியாது என்றுதான் தர்க்கம் படித்தவர்கள் சொல்வார்கள். கடலூர் முதுநகரில், ராணுவத்தில் நாயக்காக இருந்து ஓய்வு பெற்ற மரியலூர்துவின் இடது கால் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. வருடத்தில் முந்நூற்று அறுபத்து நான்கு நாள் அது ஊனமான கால். அதற்காக அரசாங்கம் அவருக்கு மாதாமாதம் பணம் அனுப்பியது. மீதி ஒரு நாள், தவக்காலத்தின் கடைசி வாரத்தில், கோயில் மைதானத்து மேடையில் அது பத்தடி தூரம் நேராக நடந்தது. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லையே என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முதன்முதலில் அது தோன்றியது சென்னையில் மூன்று ராணுவ டாக்டர்களுக்கு.

லூர்துவின் கால் போனது போரில் அல்ல. அவர் இமயமலைப் பக்கம் கோவேறு கழுதைகளில் சுமை ஏற்றி அனுப்பும் படைப்பிரிவில் இருந்தார். ஒரு நாள் பருப்பு மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்த கழுதை சறுக்கி அவர்மேல் உட்கார்ந்துவிட்டது. கழுதைக்கு ஒன்றும் ஆகவில்லை. பருப்புக்கும் ஒன்றும் ஆகவில்லை. லூர்துவின் இடது தொடை எலும்பு ஒட்டியபோது கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. ஒரு மனிதனில் எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்லத் தத்துவம் இதுவரை துணிந்ததில்லை. ராணுவ மருத்துவக் குழு பதினைந்து நிமிடத்தில் சொல்லிவிட்டது: முப்பது சதவீதம்.

ஊருக்கு வந்த பிறகு, எந்தச் சண்டையில் அடிபட்டது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் உள்ளதைச் சொன்னார். அதில் அவர் மனைவி ஆரோக்கிய ராணிக்குத் தீராத வருத்தம்.

"குண்டு பட்டுச்சின்னு சொன்னா என்னா, நாக்கு தேஞ்சிடுமா?"

"கழுதை கோச்சிக்கும்" என்பார் லூர்து.

குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் வாசலில் அவருக்குக் காவலாளி வேலை. அந்தச் சம்பளத்தில் வீடு நடந்தது. காலுக்காக வரும் பணத்தை அவர்கள் தொடுவதில்லை. அது மகள் ஜோதி மேரியின் படிப்புக்கு. 2008இல் அவள் சிதம்பரத்தில் நர்சிங் சேர்ந்தாள். ஹாஸ்டலுக்கும் பீசுக்கும் அந்தப் பணம் சரியாகப் போனது. "எங்க அப்பா காலு இந்த மாசம் இன்னும் வரல" என்று அவள் ஹாஸ்டல் வார்டனிடம் சொன்னாளாம். வார்டன் பயந்துபோய்த் தண்ணீர் குடிக்கக் கொடுத்தாராம்.

இனி மேடைக்கு வரவேண்டும். முதுநகர்ப் பங்குக் கோயிலில் வருடந்தோறும் இயேசுவின் பாடுகளை பாஸ்கா நாடகமாகப் போடுவார்கள். தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற தேவசகாயம்தான் இருபது வருடமாக அதற்கு டைரக்டர். இயேசுவாக நடித்தவர் அருள் பிரகாஷ். லூர்து காவல் இருந்த அதே தொழிற்சாலையில் பாய்லர் ஓட்டுபவர். பாய்லர் பக்கம் நீளமுடி கூடாது என்பதால் இயேசுவுக்குச் சவுரிமுடி. லூர்துவுக்கு ரோமாபுரிச் சிப்பாய் வேஷத்தின்மேல் ஆசை. பட்டாளத்திலிருந்து வந்த முதல் வருடமே போய்க் கேட்டார்.

"ஊர்லயே நெசப் பட்டாளத்துக்காரன் நான் ஒருத்தன்தான். எனக்குச் சிப்பாய் வேஷம் கெடையாதா?"

"ரோமாபுரிச் சிப்பாய் நொண்ட மாட்டான் மச்சான்" என்றார் தேவசகாயம்.

"நீ போய்ப் பாத்தியா?"

பார்த்ததில்லை என்றாலும் தேவசகாயம் அசையவில்லை. லூர்துவுக்குத் திரை இழுக்கும் வேலை கிடைத்தது. பதினொரு வருடம் திரை இழுத்தார். அவர் திரை இழுப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புகழவும் ஒன்றுமில்லை. அது கயிறுதானே.

2005இல் இரண்டு விஷயங்கள் ஒரே வாரத்தில் நடந்தன. மேடை போடும் பந்தல்காரர் பழனிவேலின் பலகைகள் எல்லாம் சுனாமிக் கொட்டகைகளுக்குப் போயிருந்தன. மிச்சமிருந்த கழிவுப் பலகைகளை வைத்து மேடையை ஒப்பேற்றினார். முன்பக்கம் மெல்லிய பலகை, பின்பக்கம் தடித்த பலகை. நடுவில் மேடையின் நீளவாக்கில் ஒரு படிபோல நின்றது. அதே வாரம், இயேசு குணமாக்கும் முடவனாக நடிக்க வேண்டியவருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் தேவசகாயம் லூர்துவைக் கூப்பிட்டார்.

"நடிக்கவே வேணாம் மச்சான். நொண்டிக்கிட்டு வா, பாயில ஒக்காரு. இயேசு 'எழுந்து நட'ன்னு சொன்னதும் எழுந்து நில்லு. நீ அடி எடுத்து வைக்கிறதுக்குள்ள திரை விழுந்துடும்."

நல்ல திட்டம்தான். திரை இழுப்பவர் யார் என்பதை மட்டும் இருவரும் மறந்துவிட்டார்கள்.

அன்று இயேசு "எழுந்து நட" என்றார். லூர்து எழுந்தார். திரை விழவில்லை. கயிற்றுப் பக்கம் யாரும் இல்லை. இரண்டாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவருக்கு நடப்பதைத் தவிர வழியில்லை. பார்ப்பவர்களுக்கு இடமிருந்து வலமாக நடந்தார். அந்தத் திசையில் நடந்தால் அவரது இடது கால் மேடையின் பின்பக்கம் வரும். குட்டைக் கால் தடித்த பலகையிலும் நல்ல கால் மெல்லிய பலகையிலும் விழ, பத்தடியும் தராசு முள்போல நேராகப் போனார். ஊரே அவர் நொண்டுவதைப் பதினொரு வருடமாகப் பார்த்திருந்தது. முதல் வரிசையில் ஒரு அம்மா ஜெபமாலையைக் கீழே போட்டார். இயேசுவே வாயைப் பிளந்துவிட்டார்.

நாடகம் முடிந்ததும் பழனிவேல் தானாகவே தேவசகாயத்திடம் வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

"பலகை பத்தல மாமா. பின்னாடி தடியா வந்துடிச்சி. அட்வான்ச திருப்பிக் கேக்காதீங்க."

டேப் வைத்து அளந்தார்கள். முன்பலகைக்கும் பின்பலகைக்கும் ஒன்றரை அங்குலம் வித்தியாசம். லூர்துவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எழுதியிருந்த அதே ஒன்றரை அங்குலம். அடுத்த வருடத்திலிருந்து பழனிவேல் வேண்டுமென்றே மேடையை அப்படிப் போட்டார். மற்ற நடிகர்களுக்கு இது பெரிய சோதனை. சீடர் இராயப்பர் வருடத்துக்கு ஒரு முறை தடுக்கி விழுந்தார். பிலாத்து நின்ற இடத்திலேயே தீர்ப்புச் சொல்லப் பழகிக்கொண்டார். ஆனால் முடவன் காட்சிக்காகவே கிள்ளையிலிருந்தும் புவனகிரியிலிருந்தும் வேன் வைத்து வந்தார்கள். லூர்து அந்தப் பத்தடியைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. தவக்காலம் தொடங்கியதும் காலில் எண்ணெய் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

2008இல் ஒரு ஸ்டுடியோக்காரர் நாடகத்தை சி.டி. போட்டு விற்றார். கோயில் வெளியிடும் பங்கு மடலில் தேவசகாயம் ஒரு பத்தி எழுதினார். தலைப்பு: 'நொண்டிய ராணுவ வீரர் நேராக நடந்தார்! கண்டவர் சாட்சி.' பலகையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. டைரக்டர்கள் பொதுவாகப் பலகைகளைப் பற்றி எழுதுவதில்லை.

அந்த ஆண்டு இறுதியில் வடக்கே உள்ள ராணுவ ஆபீசிலிருந்து லூர்துவுக்கு ஒரு கடிதம் வந்தது. 1998இல் நடந்த மறுபரிசோதனையில் அவரது ஊனம் பத்து வருடத்துக்கு என்று மதிப்பிடப்பட்டிருந்தது. பத்து வருடம் முடிந்துவிட்டது. மறுபடி மருத்துவக் குழுவின் முன்னால் வரவேண்டும். இருபது சதவீதத்துக்குக் கீழே போனால் காலுக்கான பணம் நின்றுவிடும். அதாவது ஜோதி மேரி இரண்டாம் வருடம் படிக்க முடியாது. ஆரோக்கிய ராணி கடிதத்தை மாதா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாள். பிறகு அங்கே இருந்தால் ஒன்றும் நடக்காது என்று எடுத்துக் கணவர் கையில் கொடுத்தாள்.

லூர்து காகிதங்களையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு காத்தவராயனிடம் போனார். காத்தவராயன் ராணுவத்தில் அவில்தார் கிளார்க்காக இருந்தவர். கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து முன்னாள் படைவீரர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருவார். இருபத்தெட்டு வருட கிளார்க் வாழ்க்கையில் அவர் அடைந்த முடிவு ஒன்றே ஒன்று: இணைப்பு ஜாஸ்தி ஆனால் சந்தேகம் கம்மி ஆகும். காகிதத்தைத் திருப்பிக் கொடுப்பது அவர் வழக்கத்தில் இல்லை. மஞ்சள் பையில் இருந்த எல்லாவற்றையும் நம்பர் போட்டு இணைத்தார். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் புத்தகம், ரேஷன் கார்டு, கேஸ் ரசீது, ஜோதி மேரியின் பிளஸ் டூ மார்க் ஷீட். இணைப்பு 22, பங்கு மடல். இணைப்பு 23, 'குறுந்தகடு ஒன்று (கால் சம்பந்தப்பட்டது)'.

விண்ணப்பம் போன மூன்றாம் நாள் ஆரோக்கிய ராணி வீட்டில் அந்த சி.டி.யைத் தேடினாள். கிடைக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் ஜெராக்ஸ் கடைக்கே போய்விட்டாள்.

"எந்தக் கூறுகெட்டவனாவது தன் காலு நல்லா இருக்குதுன்னு சர்க்காருக்குப் படம் போட்டுக் காட்டுவானா? ஏண்ணா, அதை நீங்க பாக்கவே இல்லையா?"

"படத்த யாரு தங்கச்சி பாக்குறது? நமக்கு நம்பர் போடறதுதான் வேல" என்றார் காத்தவராயன்.

"அவுங்க பாப்பாங்களே!"

"பாக்க மாட்டாங்க. எண்ணுவாங்க. இருவத்தி மூணுன்னு போட்டிருந்தா இருவத்தி மூணு இருக்குதான்னு எண்ணுவாங்க. நானும் சர்க்கார்ல இருந்தவன்தான்."

"எம்பொண்ணு படிப்பு போச்சின்னா, இருவத்தி நாலாவது இணைப்பா உங்களத்தான் வச்சி அனுப்புவேன்."

2009 ஜனவரியில் லூர்து சென்னைக்குப் புறப்பட்டார். துணைக்குப் பழனிவேல். சாட்சிக்கு இரண்டு பலகைகள், ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. பஸ்ஸில் கண்டக்டர் பலகைகளுக்குத் தனி டிக்கெட் கேட்டார். பழனிவேல் வழி முழுக்க வாதாடி, திண்டிவனத்தில் தோற்றார். அப்படிக் கொண்டுபோன பலகைகளைப் பட்டாளத்து ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காவலர் உள்ளே விடவில்லை. ஆஸ்பத்திரிக்குள் பலகை கொண்டுபோக அனுமதிச் சீட்டில் இடமில்லை. தானும் வாசல் காவலாளி என்பதால் லூர்து அந்த நியாயத்தை உடனே ஏற்றுக்கொண்டார்.

உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் வடக்கத்திக் கர்னல். ஒரு பக்கம் வயதான எலும்பு டாக்டர். மறுபக்கம் தமிழ் தெரிந்த இளம் பெண் மேஜர். மேசைமேல் இணைப்புகள் அடுக்கியிருந்தன. காத்தவராயன் சொன்னதில் பாதி உண்மை. எண்ணியிருந்தார்கள். எண்ணிவிட்டுப் பார்த்தும் இருந்தார்கள்.

லூர்துவின் முன்னாலேயே கர்னல் கம்ப்யூட்டரில் மறுபடி ஓட விட்டார். பாய், சவுரிமுடி, "எழுந்து நட", பத்தடி. கர்னல் இந்தியில் ஏதோ கேட்டார். மேஜர் தமிழில் சொன்னார்.

"காலைக் குணப்படுத்துறாரே, இவர் யாருன்னு கேக்குறார்."

"அருள் பிரகாஷ் மேடம். எங்க கம்பெனிதான்."

"டாக்டரா?"

"இல்ல மேடம், பாய்லரு."

அறையில் நடக்கச் சொன்னார்கள். லூர்து நொண்டினார். கர்னல் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் அப்போது நடித்தாரா, இப்போது நடிக்கிறாரா என்பதுதான் அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி. நம்மில் பலரிடம் யாரும் கேட்பதில்லை என்பதால்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறோம். எலும்பு டாக்டர் கால்களை அளந்து, ஒன்றரை அங்குலம் குட்டைதான், சந்தேகமில்லை என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இணைப்பு 23 கோப்பில் ஏறிவிட்டது. ஏறிய இணைப்புக்கு விளக்கம் எழுதாமல் கோப்பை மூட முடியாது.

லூர்து பலகையைப் பற்றிச் சொன்னார். பலகை எங்கே என்றார்கள். வாசலில் என்றார். பந்தல்காரர் எங்கே என்றார்கள். அவரை மட்டும் உள்ளே விட்டார்கள். பழனிவேல் வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரோரம் இரும்பு அலமாரி நிறைய முன்னாள் படைவீரர்களின் ஃபைல்கள்.

"இதுங்கள எடுத்துக்கலாமா மேடம்? ஒரே தடிப்பா இருந்தா போதும்."

மேஜர் மொழிபெயர்த்தார். கர்னல் தலையாட்டினார். பழனிவேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஃபைலாக விரலால் அழுத்திப் பார்த்து வரிசையாகத் தரையில் அடுக்கினார். ஒல்லியான ஃபைல்களை ஒதுக்கினார். ஒரு பெரிய ஃபைலைத் தூக்கிப் பார்த்து வருத்தத்தோடு திருப்பி வைத்தார்.

"இது மூணு அங்குலம் மேடம். யாரோ ரொம்ப வருசமா அலைஞ்சவரு. நமக்கு ஒதவாது."

பத்தடி நீளத்துக்கு ஃபைல் பாதை தயாரானது. லூர்து செருப்பைக் கழற்றினார். மற்றவர்களின் ஊனங்களை மிதிக்கிறோமே என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். இடது கால் ஃபைல்மேல், வலது கால் தரைமேல். பத்தடியும் நேராக நடந்தார். கர்னல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இப்போ திரும்பி அதே பாதையில வரச் சொல்றார்" என்றார் மேஜர்.

திரும்பியதும் எல்லாம் தலைகீழானது. நல்ல கால் ஃபைல்மேல் ஏறிக்கொண்டது. குட்டைக் கால் தரைக்குப் போனது. ஒன்றரை அங்குலக் குறை மூன்று அங்குலமானது. முதல் அடியில் சாய்ந்தார். இரண்டாம் அடியில் கையை வீசினார். மூன்றாம் அடியில் எடை பார்க்கும் மிஷினைக் கட்டிக்கொண்டு விழுந்தார். முள் நூற்றுப் பத்தில் போய் நின்றது. எலும்பு டாக்டர் அதையும் தவறாமல் குறித்துக்கொண்டார்.

குழு சிரித்ததா என்று நான் பழனிவேலிடம் கேட்டேன். "மேடம் மேசைக்கு அடியில பேனா தேடுனாங்க, ரொம்ப நேரம்" என்றார்.

கிளம்பும்போது கர்னல் ஒரு கேள்வி கேட்டார். கால் இப்படி இருக்கும்போது எதற்காகக் குணமாகிறவன் வேஷம்?

"எங்க ஊர்ல வேற யாருக்கும் சரியா நொண்ட வராது சார்" என்றார் லூர்து.

மார்ச்சில் உத்தரவு வந்தது. நாற்பது சதவீதம், ஆயுள் முழுவதும், இனி மறுபரிசோதனை கிடையாது. இணைப்பு 23 பற்றி ஒரே ஒரு வரி: மேடை சமமாக இல்லை. காத்தவராயன் அதை ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்து கடையில் மாட்டினார். இணைப்பு ஜாஸ்தியாக வைத்ததால்தான் பத்து சதவீதம் கூடியது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை.

அடுத்த மாதமே நாடகம். இனிக் கால் நேராக நடந்தாலும் ஒரு பைசா குறையாது என்பது ஊருக்கே தெரியும். தேவசகாயத்துக்குத் தலைகால் புரியவில்லை. பத்தடியை இருபதடி ஆக்கினார். ஸ்டுடியோவிலிருந்து இரண்டு கேமரா வரவழைத்தார். பழனிவேல் ரசமட்டம் வைத்து, மேடை முழு நீளத்துக்கும் பின்பலகை ஒன்றரை அங்குலம், ஒரு நூலும் கூடாமல் குறையாமல் போட்டார். அவர் தொழிலில் அவ்வளவு கவனமாகச் செய்த கோணல் அது ஒன்றுதான். ஜோதி மேரி சிதம்பரத்திலிருந்து ஹாஸ்டல் தோழிகள் நாலு பேரோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

லூர்து வழக்கம்போல நொண்டிக்கொண்டு வந்து மேடையின் நடுவில் பாயில் உட்கார்ந்தார். அருள் பிரகாஷ் கையை உயர்த்தினார்.

"எழுந்து நட!"

லூர்து எழுந்தார். பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். பார்ப்பவர்களுக்கு வலப்பக்கம் இருபதடி ஒழுங்கான பலகை அவருக்காகக் காத்திருந்தது. அதை ஒரு முறை பார்த்தார். பிறகு இடப்பக்கம் திரும்பினார்.

"மாமா, அந்தப் பக்கம் இல்ல மாமா!" என்று இயேசு கிசுகிசுத்தார். அவர் மார்பில் மைக் இருந்ததால் அது மைதானம் முழுக்கக் கேட்டது.

லூர்து நடந்தார். நல்ல கால் தடித்த பலகையில், குட்டைக் கால் மெல்லிய பலகையில். ஆஸ்பத்திரியில் விழுந்த அதே திசை. மூன்று அங்குல நொண்டல். அவர் அப்படி நொண்டி யாரும் பார்த்ததில்லை. படகில் நிற்பவர்போல ஒவ்வொரு அடிக்கும் சாய்ந்து நிமிர்ந்து, ஒரு கையால் பாயைப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் போனார். கூட்டம் முதலில் திகைத்தது, பிறகு சிரித்தது. ஜோதி மேரியும் சிரித்தாள். திரை இழுக்க வேண்டிய புது ஆள் கயிற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். லூர்து விழவில்லை. ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்து இறங்கினார்.

"குணமான முடவன் நொண்டிக்கிட்டுப் போனா அப்புறம் என்னாய்யா குணம்?" என்று தேவசகாயம் மேடைக்குப் பின்னால் கத்தினார்.

"எழுந்து நடன்னுதானே சொன்னாரு. நடந்தேன்ல?"

"ஏன்யா அந்தப் பக்கம் போன?"

"டீ ஆறிப்போவுது மச்சான்" என்றார் லூர்து.

இன்னொரு சி.டி. சென்னைக்குப் போய்விடுமோ என்ற பயம்தான் என்றாள் ஆரோக்கிய ராணி. அந்த உத்தரவுக்குப் பிறகு பயப்பட ஒன்றுமில்லை என்பது அவளுக்கும் தெரியும். கேமராவைப் பார்த்துத் திசை மறந்துவிட்டார் என்றார் அருள் பிரகாஷ். லூர்துவிடமே நான் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை கழுதைகளைப் பற்றிப் பேசினார். இரண்டாம் முறை மழை வருமா என்றார்.

2012 வரைக்கும் அந்த வேஷம் அவருக்குத்தான். ஒவ்வொரு வருடமும் பழனிவேல் ரசமட்டத்தோடு வந்து பின்பலகையை ஒன்றரை அங்குலம் உயர்த்திப் போட்டார். வேண்டாம் என்று லூர்து ஒரு முறைகூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் எழுந்தார், பாயைச் சுருட்டினார், வலப்பக்கத்துப் பலகையை ஒரு முறை பார்த்துவிட்டு இடப்பக்கம் திரும்பி நடந்தார்.